கல்லாப் பெட்டி காலியான பட்டணம்



குடும்பத்தில் பணமுடை வந்தால் என்ன செய்வது என்று நமக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. கடையில் பற்று எழுதச் சொல்வோம். கழுத்தில் கிடப்பது அடகுக் கடைக்குப் போகும். பையனுடைய பள்ளிக்கூடச் சப்பாத்து அடுத்த சம்பளத்துக்குத் தள்ளிப் போகும். எப்படியோ மாதம் ஓடிவிடும்.

ஒரு பட்டணத்துக்கே பணமுடை வந்தால்? நகராண்மைக் கழகத்தின் கல்லாப் பெட்டியே காலியானால்? சாலை போட்ட ஆளுக்குக் கூலி கொடுக்கக் காசில்லை. வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வழியில்லை. வரி கேட்டுப் போனால், "எங்களுக்கே வேலையில்லை, உனக்கு எங்கே இருந்து வரி கட்டுறது?" என்று கதவைச் சாத்துகிறார்கள். அப்போது அந்தப் பட்டணம் எந்த அடகுக் கடைக்குப் போகும்?

1932ஆம் ஆண்டில் ஒரு சின்னப் பட்டணம் இந்தக் கேள்விக்குத் தன் பாணியில் பதில் சொன்னது. அந்தப் பட்டணத்தின் பெயர் வோர்கல். ஐரோப்பாவில், ஆஸ்திரியா நாட்டில், தீரோல் என்கிற மலை மாநிலத்தில், இன் ஆற்றின் ஓரத்தில் இருக்கிறது. அப்போது அங்கே இருந்த மக்கள் சுமார் 4,200 பேர். நம் கணக்கில் சொன்னால் நாலைந்து பெரிய தோட்டங்களைச் சேர்த்தால் வரும் ஜனத்தொகைதான்.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1929இல் அமெரிக்காவில் பங்குச் சந்தை விழுந்தது. அந்த இடி உலகம் முழுவதும் உருண்டு வந்தது. நம் மலாயாவில் ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போனது. துரைமார்கள் கூலியைக் குறைத்தார்கள். அதற்கும் போதவில்லை என்றதும் நம் பாட்டன் பூட்டன்களை ஆயிரம் ஆயிரமாகக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். "மரத்தில் பால் இருக்கு, வெட்ட ஆள் இருக்கு, வாங்க ஆள் இல்லே." அந்தக் கால நிலைமை இதுதான்.

ஆஸ்திரியாவில் 1931 மே மாதம் அந்த நாட்டின் மிகப் பெரிய வங்கியான கிரெடிட்அன்ஸ்டால்ட் கவிழ்ந்தது. வங்கி கவிழ்ந்ததும் கடன் கொடுப்பவன் கையை இறுக்கினான், ஆலை முதலாளி கதவை மூடினான், கடைக்காரன் சரக்கு எடுப்பதை நிறுத்தினான். பூட்டு மேல் பூட்டாக விழுந்தது.

வோர்கல் ஒரு ரயில் சந்திப்பு ஊர். இரண்டு பக்கத்து ரயில் பாதைகள் அங்கே கூடுகின்றன. ரயில்வேயில் 1930இல் சுமார் 310 பேர் வேலை செய்தார்கள். 1933இல் சுமார் 190 பேர்தான் மிச்சம். சிமெண்டு ஆலையில் வேலை ஏறக்குறைய நின்றே போனது. நானூறு பேர் வரை சோறு போட்ட செல்லுலோஸ் ஆலை பூட்டிக் கிடந்தது. காவல்காரர்கள் மட்டும் வாசலில் இருந்தார்கள். ஊருக்குள் வேலையில்லாதவர்கள் சுமார் 400 பேர். சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் 1,500. அதில் ஏறக்குறைய 200 குடும்பங்களுக்கு அரசாங்க உதவிப் பணத்தின் தவணையும் முடிந்து போய், கையில் ஒன்றுமில்லாத நிலை.

நகரசபையின் கணக்கைப் பாருங்கள். இன்ஸ்புரூக் நகரச் சேமிப்பு வங்கியில் பட்டணம் வாங்கியிருந்த கடன் 13 லட்சம் ஷில்லிங். (ஷில்லிங் என்பது அப்போது ஆஸ்திரியாவின் பணம், 100 குரோஷன் ஒரு ஷில்லிங்.) ஊர் மக்கள் கட்டாமல் விட்ட வரி பாக்கி 1,18,000 ஷில்லிங். கடனுக்கு வட்டி கட்டவே முடியாதபோது புது வேலை எதைக் கொண்டு செய்வது?

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள் என்றால், எல்லாரும் செய்வதைத்தான் செய்தார்கள். ஆளைக் குறை, சம்பளத்தைக் குறை, விளக்கை அணை, ரோட்டை அப்படியே விடு. இப்படிக் குறைத்தால் கணக்குப் புத்தகம் கொஞ்சம் அழகாக இருக்கும், உண்மைதான். ஆனால் நகரசபை வீட்டுக்கு அனுப்பிய ஆள் அடுத்த மாதம் கடையில் பற்று எழுதுவான். அவனுக்குப் பற்று எழுதிய கடைக்காரன் அதற்கடுத்த மாதம் வரி பாக்கி வைப்பான். அந்தப் பாக்கி மறுபடியும் நகரசபையின் தலையில் விழும். இன்னும் இரண்டு ஆளைக் குறைக்க வேண்டியதுதான்!

இங்கேதான் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் மிகேல் உண்டர்குக்கன்பெர்கர். (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு மரம் சீவிவிடலாம், இனிமேல் மேயர் என்றே சொல்கிறேன்.) 1884இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தொழிற்பட்டறையில் பயிற்சி ஆளாக இருந்து, பிறகு ரயில்வேயில் சேர்ந்தவர். ரயில்வே தொழிற்சங்கத்தில் நின்று வேலை செய்தவர். சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். 1931 இறுதியில் வோர்கலின் மேயரானார். கையில் பட்டம் கிடையாது. ஆனால் படிக்கிற பழக்கம் இருந்தது.

அவர் படித்தவற்றில் சில்வியோ கெசல் என்பவருடைய எழுத்தும் ஒன்று. கெசல் ஒரு ஜெர்மன் வியாபாரி, அர்ஜென்டினாவில் கடை வைத்துப் பிழைத்தவர், 1930இல் இறந்தவர். அவர் சொன்னதை நம் தோட்டத்துப் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "அரிசி வச்சா புழு வைக்கும். இரும்பு வச்சா துருப்பிடிக்கும். பால் வெட்டி அன்னைக்கே ஸ்டோருக்குக் கொண்டு போகலேன்னா வாளியிலேயே உறைஞ்சு போகும். பணத்துக்கு மட்டும் ஒண்ணும் ஆகிறதில்லே. அதனாலேதான் பணக்காரன் அதைப் பெட்டிக்குள்ளே வச்சுக்கிட்டு, ஊர் பட்டினி கிடக்கிறதை வேடிக்கை பார்க்க முடியுது."

பணத்தையும் பால் மாதிரி ஆக்கிவிட்டால்? வைத்திருந்தால் உறையும், கொண்டு போய்ச் சேர்த்தால்தான் மதிப்பு என்று ஆக்கிவிட்டால்? மேயருடைய திட்டத்தின் உயிர்நாடி இந்த யோசனைதான்.

சீட்டு வந்த விதம்

1932 ஜூலை மாதம் நகரசபை ஒரு நிவாரணத் திட்டத்தை ஏற்றுக் கொண்டது. நகரமே தன் பெயரில் ஒரு சீட்டு அச்சடித்தது. "வேலை மதிப்புச் சீட்டு" என்று சொல்லலாம். 1 ஷில்லிங், 5 ஷில்லிங், 10 ஷில்லிங் என்று மூன்று வகை. அந்த மாதக் கடைசியில் முதல் சீட்டுகள் கூலியாக வெளியே போயின.

சீட்டில் ஒரு நிபந்தனை உண்டு. மாதா மாதம் அதன் மதிப்பில் நூற்றுக்கு ஒன்று குறையும். 10 ஷில்லிங் சீட்டு வைத்திருப்பவர் மாதம் பிறந்ததும் 10 குரோஷனுக்கு ஒரு முத்திரை வாங்கி அதில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் சீட்டு முழு விலைக்குப் போகாது. முத்திரை விற்று வந்த காசு ஏழைகளுக்கான நிதிக்குப் போனது. ஆகவே மாதக் கடைசி வந்தால் சீட்டு வைத்திருப்பவனுக்குக் கை அரிக்கும். கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவான். கடைக்காரன் அதைத் தச்சனுக்குக் கொடுப்பான். தச்சன் நகரசபைக்குப் போய் வரி பாக்கியைக் கட்டுவான். நகரசபை அதையே மறுபடியும் கூலியாகக் கொடுக்கும்.

முதல் தடவை சீட்டு வெளியே போன சில நாட்களில், கொடுத்ததைவிட அதிகமான தொகை வரியாக உள்ளே வந்துவிட்டதாம். "ஐயோ, எவனோ கள்ளச் சீட்டு அடிக்கிறான்" என்று அலுவலகத்தில் பதறினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கள்ளச் சீட்டு எதுவும் இல்லை. அதே சீட்டுதான் பல கை மாறிப் பல தடவை வாசலேறி வந்திருக்கிறது.

வரி பாக்கி குறைய ஆரம்பித்தது. சிலர் வரக்கூடிய வரியைக்கூட முன்னதாகவே கட்டினார்கள். கையில் வைத்துக் கரைவதைவிட அது லாபம் என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பணத்தில் தெருக்களைச் செப்பனிட்டார்கள், தார் போட்டார்கள், சாக்கடை கட்டினார்கள், தெருவிளக்குப் போட்டார்கள், ஒரு பாலம் கட்டினார்கள். பனிச்சறுக்கு ஆட்டக்காரர்கள் தாண்டுவதற்கு ஒரு மேடைகூடக் கட்டினார்கள். சோறில்லாத காலத்தில் சறுக்கு மேடை எதற்கு என்று நமக்குத் தோன்றும். அது மலைநாடு, குளிர்காலத்தில் வெளியூர்க்காரர் வந்தால்தான் அங்கே கடை நடக்கும். மேயர் அடுத்த பருவத்து வருமானத்தையும் நினைத்திருக்கிறார்.

நம் சந்தேகம்

இதைப் படிக்கிற தோட்டக்காரர் ஒருவர் இந்நேரம் மேசையைத் தட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "நிறுத்துங்க தோழரே. கூலிக்குப் பதிலா சீட்டா? இது நம்ம ஊரு பழைய கதையாச்சே!"

கேட்க வேண்டிய கேள்விதான். தொழிற்சங்கத்துக்காரன் முதலில் கேட்க வேண்டியதே இதுதான். முதலாளி சொந்தமாக வில்லை அடித்து, அதை அவனுடைய கடையில் மட்டும் மாற்று என்று சொன்ன கொடுமை உலகத்தில் பல தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் நடந்திருக்கிறது. கடை அவனுடையது, விலையும் அவன் வைத்தது, சீட்டும் அவனுடையது. ஒரு கையால் கொடுத்துவிட்டு மறு கையால் பிடுங்கிக் கொள்வான். அதனால்தான் நம் நாட்டு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் கூலியைச் சட்டப்படி செல்லும் பணமாகவே கொடுக்க வேண்டும் என்று கட்டளை போட்டது; கூலியை இந்தக் கடையில்தான் செலவு செய்ய வேண்டும் என்று நிபந்தனை வைப்பதையும் தடுத்தது. அந்தச் சட்டத்தின் அருமை, பற்றுப் புத்தகத்தில் காலம் தள்ளிய நம் பெரியவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு பயமும் உண்டு. ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டை மறந்தவர் யார்? 1942 முதல் 1945 வரை அச்சடித்துக் கொண்டே போனான். சாக்கு நிறைய நோட்டு, சட்டி நிறையச் சோறு இல்லை. வெள்ளைக்காரன் திரும்பி வந்த அன்று அது வெறும் காகிதம். வீட்டில் சேர்த்து வைத்திருந்தவர்கள் தலையில் அடித்துக் கொண்டார்கள்.

வோர்கல் சீட்டு அப்படி ஆகாததற்குக் காரணங்கள் உண்டு. அவை புரியாமல் "ஊரே நோட்டு அடித்தால் பஞ்சம் தீரும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒன்று, சீட்டுக்குப் பின்னால் பணம் இருந்தது. எவ்வளவு சீட்டு வெளியே விட்டார்களோ அவ்வளவு ஷில்லிங்கை ஊரிலிருந்த ரைஃபைசன் கூட்டுறவு வங்கியில் வைத்தார்கள். சீட்டு வேண்டாம், ஷில்லிங்தான் வேண்டும் என்றால் நூற்றுக்கு இரண்டு கழிவில் மாற்றிக் கொள்ளலாம். கதவு பூட்டவில்லை, அதனால்தான் யாரும் ஓடவில்லை.

"ஷில்லிங் இருந்தா அதையே கூலியாக் கொடுத்திருக்கலாமே?" என்று கேட்பீர்கள். கொடுத்திருக்கலாம். அந்த ஷில்லிங் இரண்டு கை மாறியதும் யாருடைய பெட்டிக்குள்ளோ போய்ப் படுத்துக் கொண்டிருக்கும், அல்லது ரயிலேறி வெளியூர் வங்கிக்குப் போயிருக்கும். சீட்டு ஊரை விட்டுப் போகவும் முடியாது, பெட்டிக்குள் தூங்கவும் முடியாது. வித்தியாசம் அங்கேதான்.

அச்சடித்ததிலும் அளவு இருந்தது. மொத்தமாக அடித்ததே 32,000 ஷில்லிங்குக்கு. வெளியே விட்டது அதில் பாதிகூட இல்லை. எந்த நேரத்திலும் மக்கள் கையில் புழங்கியது சராசரி ஐயாயிரம், ஆறாயிரம் ஷில்லிங்தான். வாழைமர நோட்டோடு இதை ஒப்பிட முடியுமா?

எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று நான் நினைப்பது, நகரசபை அந்தச் சீட்டை வரியாகத் திரும்ப வாங்கிக் கொண்டதுதான். பலர் இந்தக் கதையைச் சொல்லும்போது முத்திரையைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். முத்திரை முதுகில் குத்துகிற தார்க்கம்பு மட்டும்தான். வண்டி போய்ச் சேர இடம் வேண்டாமா? "எங்கள் சீட்டை நாங்களே முழு விலைக்கு வாங்கிக் கொள்கிறோம்" என்று நகரசபை சொன்னதால்தான் கசாப்புக் கடைக்காரனும் ரொட்டிக் கடைக்காரனும் அதைக் கை நீட்டி வாங்கினார்கள். முதலில் தயங்கிய கடைக்காரர்களும் பக்கத்துக் கடையில் கூட்டம் போவதைப் பார்த்துச் சேர்ந்து கொண்டார்கள். கடைசி வரை வாங்காதவை அஞ்சலகமும் ரயில் நிலையமும்தான். அவை தேசிய அரசாங்கத்துக்குச் சொந்தமானவை. ரயில்காரர் மேயராக இருந்த ஊரில் அவருடைய சீட்டைக் கொடுத்து ஒரு ரயில் டிக்கெட் வாங்க முடியாது!

நிவாரண வேலைக்கு வந்த ஆள் மட்டும் சீட்டு வாங்கவில்லை. நகரசபை ஊழியர்களின் சம்பளத்திலும் முதலில் பாதியும், பிறகு முக்கால் பங்கும் சீட்டாகத்தான் போனது. மேயருக்கும் அப்படியே. கூலிக்காரனுக்குக் காகிதம், அதிகாரிக்கு நல்ல பணம் என்று இரண்டு இலை போட்டிருந்தால் முதல் வாரத்திலேயே திட்டம் கவிழ்ந்திருக்கும். கிராணி வீட்டு அரிசியும் தொழிலாளி வீட்டு அரிசியும் ஒரே மூட்டையிலிருந்து வந்தால் மூட்டையில் கல் குறையும். இது நமக்குப் புதிதில்லையே.

பலித்தது எவ்வளவு?

நாட்டில் மற்ற இடங்களில் வேலையில்லாதவர் தொகை ஏறிக் கொண்டிருந்த அதே காலத்தில் வோர்கலில் அது கால் பங்கு குறைந்தது என்று இந்தச் சோதனையைப் பற்றி எழுதியவர்கள் கணக்குக் காட்டுகிறார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். பிரான்சு நாட்டின் பிரதமராக இருந்த எதுவார் தலாதியே நேரில் போய்ப் பார்த்தார். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் இர்விங் ஃபிஷர் 1933இல் இந்த முத்திரைச் சீட்டு முறையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பக்கத்து ஊரான கிர்ஹ்பிஹல் அதே மாதிரிச் சீட்டை வெளியிட்டது. இன்னும் பல ஊர்த் தலைவர்கள் நாங்களும் செய்கிறோம் என்று கிளம்பினார்கள்.

நான் ஒரு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. இது 13 மாதச் சோதனை. பழைய வரி பாக்கி உள்ளே வந்தது பெரிய பலம். ஆனால் பாக்கியை ஒரு தடவைதான் வசூல் செய்ய முடியும். அடுத்த வருஷத்து வரியை இந்த வருஷமே கட்டினால் அடுத்த வருஷம் என்ன வரும்? இந்தச் சீட்டு ஐந்து வருஷம் ஓடியிருந்தால் நின்றிருக்குமா, சலித்துப் போயிருக்குமா என்று பொருளாதாரம் படித்தவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 13 லட்சம் ஷில்லிங் கடனும் இதனால் மாயமாய் மறைந்துவிடவில்லை.

ஆனாலும் பட்டினி கிடப்பவனுக்கு 13 மாதம் என்பது சின்னக் காலமா? ஆள் சும்மா உட்கார்ந்திருந்தான், ரோடு குழியாகக் கிடந்தது, மலையில் கல் கிடந்தது, காட்டில் மரம் நின்றது. இவற்றில் எதுவும் குறையவில்லை. குறைந்தது இவற்றை இணைக்கிற காகிதம் ஒன்றுதான். அதை அந்த மேயர் கண்டுபிடித்தார். பெரிய பெரிய மந்திரிகள் உட்கார்ந்து பார்த்த கணக்கில் அது தெரியவில்லை.

தடை

ஒரு நாட்டில் நோட்டு வெளியிடும் உரிமை தேசிய வங்கிக்கு மட்டுமே உண்டு. ஆஸ்திரியாவின் தேசிய வங்கி அந்த உரிமையை எடுத்துக் காட்டி எதிர்த்தது. ஒரு சின்ன ஊரின் சில ஆயிரம் ஷில்லிங் சீட்டைப் பார்த்து அவ்வளவு பெரிய வங்கி ஏன் பயப்பட வேண்டும்? ஒரு ஊர் செய்தால் சும்மா இருந்திருப்பார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் அதையே செய்யக் கிளம்பியதுதான் வினை. சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது என்பதையும் ஒப்புக் கொள்ள வேண்டும். ஊருக்கு ஊர் நோட்டு அடித்தால், வோர்கல் மாதிரி ஒழுங்காக வங்கியில் பணம் வைத்துவிட்டு அடிப்பவன் எத்தனை பேர் இருப்பான்?

1933 தொடக்கத்திலேயே மாவட்ட அதிகாரிகளிடமிருந்து தடை வந்தது. நகரசபை பணியவில்லை, மேல்முறையீடு செய்தது. சீட்டும் ஓடிக் கொண்டே இருந்தது. 1933 செப்டம்பர் 15ஆம் தேதி சீட்டைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நவம்பரில் வியன்னாவிலிருந்த நிர்வாக நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. சட்டப்படி சீட்டுக்கு அதுவே முடிவு.

சீட்டை நிறுத்திய அன்று யாரும் ஏமாறவில்லை. கையில் வைத்திருந்தவர்களுக்கு வங்கியில் கிடந்த ஷில்லிங் இருந்தது. மூடுகிற நாளில்தான் ஒரு திட்டத்தின் நாணயம் தெரியும். சேமிப்பு என்றும் கூட்டுறவு என்றும் முதலீடு என்றும் யாராவது தோட்டத்துக்கு வந்து பேசினால், "மூடுற அன்னைக்கு எங்க காசு எங்கே இருக்கும்?" என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

இந்தக் கதை 1933உடன் முடிந்து போன பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச் 18ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் கடை அடைத்தது, பஸ் நின்றது, டவுனில் வேலை செய்த நம் பிள்ளைகள் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார்ந்தது எல்லாம் நினைவிருக்கும். அதே மாதங்களில் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் டெனினோ என்கிற குட்டி நகரம் வோர்கலுக்கு நெருங்கிய ஒரு வேலை செய்தது. இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். நோய்க்குப் பயந்து கடைகளை மூடினார்கள். கடை மூடினால் விற்பனை வரி வராது. விற்பனை வரி வராவிட்டால் அந்த மாதிரி ஊருக்குக் கை ஒடிந்த மாதிரி.

அந்த ஊருக்கு ஒரு பழைய ஞாபகம் இருந்தது. 1931 டிசம்பரில் அவர்களுடைய ஊர் வங்கி மூடியபோது, மெல்லிய மரத் தகட்டில் அச்சடித்த பணத்தை வைத்துக் கொண்டு கொஞ்ச காலம் ஓட்டியிருந்தார்கள். 2020இல் அருங்காட்சியகத்தில் கிடந்த 1890ஆம் ஆண்டு அச்சு இயந்திரத்தைத் தூசி தட்டி, மறுபடியும் மரத்தில் 25 டாலர் சீட்டு அடித்தார்கள். நகராட்சி தன் நிதியிலிருந்து 10,000 டாலரை ஒதுக்கி வைத்தது. நோயினால் வருமானம் இழந்தேன் என்று காட்டியவருக்கு மாதம் 300 டாலர் வரை மரச் சீட்டாகக் கிடைத்தது. ஊர்க் கடையில் சாமான் வாங்கலாம். மது, புகையிலை, லாட்டரிக்குச் செல்லாது. கடைக்காரர் அதை நகராட்சியில் கொடுத்து அதே தொகைக்கு நல்ல பணம் வாங்கிக் கொள்ளலாம். இந்தச் சீட்டில் முத்திரை ஒட்டுகிற வேலை இல்லை. இது வரி பாக்கியைச் சுற்ற வைத்த வண்டியும் இல்லை. ஊர் தன் சேமிப்பில் ஒரு பிடியை எடுத்து, அது ஊரை விட்டு ஓடிவிடாதபடி ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தது, அவ்வளவுதான். ஆனால் சீட்டுக்குப் பின்னால் பணம், சீட்டைத் திரும்ப வாங்க ஒரு வாசல் என்ற இரண்டும் இங்கேயும் இருந்தன. மாநிலத்திடமும் மத்திய அரசிடமும் மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த மற்ற குட்டி நகரங்களுக்கு நடுவில் டெனினோ ஒரு வாரத்து அரிசியையாவது தானே அளந்து கொடுத்தது.

வோர்கலில் சீட்டு நின்ற பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நிவாரண வேலைகள் நின்றன. வேலையில்லாதவர்கள் பழையபடி தெருவுக்கு வந்தார்கள். நாட்டின் நிலைமையும் கெட்டுப் போயிருந்தது. 1933 மார்ச்சிலேயே அந்த நாட்டின் பிரதமர் டோல்ஃபுஸ் நாடாளுமன்றத்தை ஓரங்கட்டிவிட்டு ஆள ஆரம்பித்திருந்தார். 1934 பிப்ரவரியில் ஆஸ்திரியாவில் உள்நாட்டுச் சண்டை வெடித்தது. சில நாட்களில் சமூக ஜனநாயகக் கட்சியைத் தடை செய்தார்கள், தொழிற்சங்கங்களைக் கலைத்தார்கள், அந்தக் கட்சியின் மேயர்களை நாற்காலியிலிருந்து இறக்கினார்கள். நம் ரயில்காரர் மேயரும் இறங்கினார். 1936 டிசம்பரில் அவர் இறந்தபோது வயது 52. அவருடைய சீட்டில் கட்டிய பாலத்தில், இது எந்தப் பணத்தில் 1933இல் கட்டியது என்று ஊர்க்காரர்கள் எழுதி வைத்திருந்தார்கள்.